பெயர் கேட்கும் தூரம்

அம்மாவின் கையிலிருந்து இறால் சுளகு நழுவிய காலைதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. வாவி இறால், இன்னும் துள்ளல் அடங்காதது. முற்றத்து மண்ணில் சிதறியதைப் பொறுக்கக் குனிந்தவர், அப்படியே குந்தியிருந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல. "என்னம்மா?" என்றேன். பதில் சொல்ல வாயெடுத்தார். வாய் ஒரு பக்கம் கோணியதே தவிரச் சொல் வரவில்லை. நான் போட்ட சத்தத்தில் அப்பா கிணற்றடியிலிருந்து ஈரச் சாரத்தோடு ஓடி வந்தார்.

எங்கள் ஊர் படுவான்கரையில், வாவிக்கு மேற்கே இருக்கிறது. பெரிய ஆசுபத்திரி அக்கரையில். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். ஆட்டோவில் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதை அக்கரையில் நின்றது. அதன் ஆமை நடையைச் சின்ன வயதிலிருந்தே பகிடி பண்ணி வந்தவள் நான். அன்று அது தண்ணீரில் ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே துறையில் நிற்க வேண்டியிருந்தது. அம்மாவைத் தூக்கி ஏற்றி, பலகையில் படுக்கவைத்து, தலையை அப்பா மடியில் வைத்தோம். வாவியின் நடுவில், சுற்றிலும் மோட்டார் சைக்கிள்காரர்கள் நிற்க, அம்மா வாய் திறந்து அப்பாவின் பெயரைச் சொன்னார்.

இதைப் புரிந்துகொள்ள அம்மாவைத் தெரிந்திருக்க வேண்டும். புருசன் பெயரைச் சொல்லாத பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அம்மா அவர்களுக்கெல்லாம் ஒரு படி மேல். அப்பாவுக்கு முருகனுடைய பெயர் என்பதால், மண்டூர்க் கோயிலில் நின்று கும்பிடும்போதுகூட "மண்டூர்ச் சாமியே" என்று ஊர்ப் பெயரால் ஒப்பேற்றிவிடுவார். அதே பெயருள்ள மீன்காரர் ஒருவர் தெருவில் வருவார். அம்மாவுக்கு அவர் 'அவர்ர பேர்க்காரர்'. அந்தப் பெயரை அம்மாவின் வாயிலிருந்து பிடுங்க நானும் தம்பியும் சின்ன வயதில் செய்யாத தந்திரம் இல்லை. "போய் ஒங்கட அப்பாட்டயே கேளுங்க புள்ள" என்று சிரித்துக்கொண்டு தப்பிவிடுவார். அப்பாவைக் கூப்பிட அவருக்கு 'இஞ்சாருங்க' ஒன்றே போதுமாக இருந்தது.

அந்த அம்மாதான் அத்தனை பேர் முன்னால், தெளிவாக, பெயரைச் சொன்னார். அப்பா புது மாப்பிள்ளைபோல வெட்கப்பட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். நின்றவர்கள் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிறகு அப்பா குனிந்து, "ஓம், நான் இஞ்சதான் இருக்கன்" என்றார்.

உயிர் தப்பியது. வலது பக்கம் போனது, பேச்சும் போனது. மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். மூளையில் வந்த இந்த அடைப்பு சிலருக்கு ஒரேயொரு சொல்லை வாயில் விட்டுவைக்கும், அவர்கள் அதை விளங்கித்தான் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள் என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். தண்ணீருக்கும் அதே பெயர், வலிக்கும் அதே பெயர், மின்விசிறியை நிறுத்தவும் அதே பெயர். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி, ஆளுக்கொரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். நாங்கள் பழகத் தொடங்கினோம்.

எங்கள் வழக்கப்படி வீடு மகளுக்குச் சீதனமாக வரும். அதனால் அம்மாவும் அப்பாவும் என்னோடு இருந்தார்கள். தம்பி செட்டிபாளையத்தில் கல்யாணம் முடித்து, மனைவி வீட்டில் இருப்பவன். ஓய்வு நாள் தவறாமல் வந்து அம்மாவுக்குக் கைகால் உருவிவிடுவான். குளிப்பாட்டுவதும் உடுப்பு மாற்றுவதும் என் பங்கு. மற்றதெல்லாம் அப்பா. வயல் வட்டையிலே பிறந்து வளர்ந்தவர் என்று நாங்கள் கேலி செய்யும் மனிதர், வயலை வேறொருவர் கையில் விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். பெயர் கேட்கும் தூரத்துக்கு அப்பால் அவர் கால் வைத்ததில்லை. அம்மா கூப்பிட்டால் எங்கிருந்தாலும் "ஓம், வாறன்" என்ற குரல் வரும். எத்தனை முறை கூப்பிட்டாலும் அந்தக் குரலில் சலிப்பு இருந்ததில்லை. எனக்குத்தான் சலித்தது.

அவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் தம்பி ஒரு நாள் டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னான். "அது வெறும் சத்தம் அப்பா. அம்மா ஒங்களக் கூப்பிடல்ல."

அப்பா கோபப்படவில்லை. "சத்தமெண்டாலும் என்ர பேர்தானே மகன். கேட்டா எழும்பிப் போகத்தானே வேணும்" என்றார்.

ஆனால் அந்தப் பேச்சு அவரைத் தைத்துவிட்டது. தம்பி போன பிறகு அடுப்படிக்கு வந்து கதவோரம் நின்றார். "புள்ள, நீ பொம்புளப்புள்ள, ஒனக்கு விளங்கும். அவக்கு நான் ஆரெண்டு தெரியுதா?" என்று கேட்டார். அப்பா என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. தெரியும் அப்பா என்று சொன்னேன். என் குரலில் உறுதி இல்லை என்பது அவருக்கும் கேட்டிருக்கும். தலையாட்டிவிட்டுப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று எனக்கு அழுகை வந்தது அப்பாவை நினைத்துத்தான்.

பிறகொரு முற்பகல், நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அம்மா கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். "ஓம், வாறன்" கேட்கவில்லை. நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டேயிருந்ததால் எழுந்து போனேன். அப்பா கிணற்றுக் கட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கை நெஞ்சில். பாதைக்கும் ஆசுபத்திரிக்கும் வேலை வைக்காமல் போய்விட்டிருந்தார்.

அம்மாவைக் கதிரையோடு தூக்கிவந்து அப்பாவின் அருகில் வைத்தோம். தம்பி அம்மாவின் நல்ல கையை எடுத்து அப்பாவின் நெற்றியில் வைத்தான். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. "பாவம், அவக்கு விளங்கல்லகா. அதுவும் நல்லதுக்குத்தான்" என்று செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் என்னிடம் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வீடு ஆளொழிந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அம்மா கூப்பிடவில்லை. நாக்கு வறண்டிருந்தது, கூப்பிடவில்லை. படுக்கை நனைந்திருந்தது, கூப்பிடவில்லை. இன்னொரு முறை மூளையில் அடைப்பு வந்திருக்குமோ என்று பயந்து, பாதையேற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். புதிதாக ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

இப்போது அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் தாகத்தையும் வலியையும் கண்டுபிடிக்கிறோம். போன கிழமை தம்பி வந்தான். மெலிந்துபோன கையை உருவிவிட்டபடியே, எப்படியாவது அம்மாவுக்குப் பேச்சு வரட்டும் என்று, காதருகில் குனிந்து அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்தான். "சொல்லுங்கம்மா" என்று மறுபடியும் தொடங்கினான். அம்மா இடது கையைத் தூக்கி அவன் வாயைப் பொத்தினார். எடுக்கவில்லை. அவர் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

அப்பா, உங்களை அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இதை நான் அன்றைக்கே, அந்த அடுப்படியிலேயே, உறுதியாகச் சொல்லக்கூடியவளாக இருந்திருக்கக் கூடாதா.