மடியில் கிடார், மூக்கில் கம்பி

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்; கிடாரைத் தொட்டதுகூட இல்லை. அப்படியிருந்தும், ஞாயிற்றுக்கிழமை மச்சினி கல்யாணத்தில் ஸ்டீல் கிடார் வாசிக்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

இன்று கண்டோன்மென்ட் கடையில் கிடார் வாங்கும்போது கேட்டார்கள்: "கத்துக்க புக்கு வேணுமாண்ணா, கிராமபோன் பிளேட்டு வேணுமா?"

"பிளேட்டே குடுப்பா. காது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

வீட்டுக்கு வந்து கிராமபோனுக்கு இறுக்கமாகச் சாவி கொடுத்தேன். பிளேட்டு வாத்தியார் கீச்சுக்குரலில் பாடம் நடத்தினார். கிடாரை மடியில் கிடத்தி, அவர் சுருதியை எட்டும்வரை கம்பியை முறுக்கினேன்.

"வாத்தியாருக்கு ஏங்க கொழந்த கொரலு? பிளேட்டு வேகமா சுத்துது போல" என்றாள் மனைவி.

"சங்கீதத்துல உனக்கென்னடி தெரியும்?"

கம்பி அறுந்து மூக்கில் பட்டது. வாத்தியார் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கும் நாதஸ்வரக்காரர் யாரையாவது தெரியுமா?