ஏழுமலை ஏன் வாயைத் திறக்க வேண்டும்?

வக்கீல் ஆபீஸ் பயிற்சி என்பது, நாம் படித்த சட்டத்தை ஊரில் வேறு யாரும் படிக்கவில்லை என்று தினமும் கண்டுபிடிக்கிற வேலை. கேஸ் கட்டோடு சீனியர் பின்னால் ஓடும் சக பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? விழுப்புரத்தில் கல்லூரி, திண்டிவனத்தில் பயிற்சி, நடுவில் பஸ்ஸில் நின்றபடி நான் மனப்பாடம் செய்தது ஒரு தீர்ப்பு: தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

ஆபீசில்

கூட்டேரிப்பட்டுப் பக்கத்து ஏழுமலை, மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டியில் மூட்டை தூக்குகிறவர். பக்கத்து நிலத்துக்காரரின் தண்ணீர் மோட்டாரைத் திருடிவிட்டதாக அவர்மேல் புகார். விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தீர்ப்பை முழுசாக விளக்கினேன். ஏழுமலை தலையாட்டினார். அவர் மனைவிதான் கேட்டார்: "அதெல்லாம் சரிங்க மேடம், அடிக்கிறப்போ இத யாரு படிச்சுக் காட்டுறது?"

ஸ்டேஷனில்

நானே காட்டுகிறேன் என்று கூடவே போனேன். "நான் எடுக்கலைங்க" என்று ஒரே தடவை சொல்லிவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி ஏழுமலை வாயை மூடிக்கொண்டார். "தப்பு பண்ணாதவன் எதுக்குப் பேசாம குந்திக்கினு இருக்கான்?" என்றார் ஏட்டு. விடுவேனா? தப்பு பண்ணாதவனுக்கும்தான் சார் அந்த உரிமை என்று ஆரம்பித்து, அரசியல் சாசனம்வரை போய்த்தான் மூச்சு வாங்கினேன். ஏட்டு டீயை என் பக்கம் தள்ளினார்: "குடி பாப்பா. நீ பேசினதுல கால்வாசி அவன் பேசியிருந்தா, இந்நேரம் எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்."

கோயிலில்

ஸ்டேஷன் விட்டாலும் ஊர் விடவில்லை. அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் முன்னால் ஏழுமலை கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டுமாம். மறுத்தால் திருடன்தானாம், திருடனை எந்த மண்டியிலும் சேர்க்க மாட்டார்களாம். அங்கேயும் போனேன். "இதுவும் கட்டாயம்தானே? யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது!" என்று எல்லார் காதிலும் விழக் கத்தினேன். "வுடுங்க மேடம், எடுக்காதவனுக்கு இன்னா பயம்?" என்று ஏழுமலை முன்னால் போய், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துவிட்டார்.

எனக்குத்தான் ஆறவில்லை. புகார் கொடுத்த நிலத்துக்காரரிடம் திரும்பினேன்: "மோட்டார் நிஜமாவே திருடுதான் போச்சுன்னு நீங்களும் அணைங்க." "அதானே?" என்றது கூட்டம். இன்னொரு கற்பூரம் ஏற்றினார்கள். அவர் கையை வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் எதுக்கும்மா பண்ணணும்? யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு நீதானே கத்திக்கினு இருந்தே!"

மறுநாளே அவர் புகாரை வாபஸ் வாங்க, ஏழுமலை மூட்டை தூக்கப் போய்விட்டார். ஆக, நான் இத்தனை பேருக்கு விளக்கிய தீர்ப்பைச் சரியாகப் புரிந்துகொண்டு பயன்படுத்தியவர் எதிர்த்தரப்புக்காரர் ஒருவர்தான்.