பால் காணாது

மகள் பிறந்த அந்த வாரமே என் மேல் தீர்ப்பு வந்துவிட்டது.

"உமக்குப் பால் காணாது. அதுதான் பிள்ளை நித்திரை கொள்ளுதில்லை" என்றார் மச்சாள்.

போதாது என்பதை எங்கள் ஊரில் காணாது என்போம். மச்சாள் என் கணவரின் அக்கா. லண்டனிலேயே, தோர்ண்டன் ஹீத்தில் இருப்பவர். என் கணவர் அகதியாக லண்டனில் வந்து இறங்கியபோது சாப்பாடு போட்டு, குளிருக்கு உடுப்பு வாங்கிக் கொடுத்து, வேலையும் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அந்த நன்றிக்கு நானும் வாழ்க்கைப்பட்டிருந்தேன் என்பது மகள் பிறந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. என் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. ஆகவே பத்தியம் காய்ச்சவும் பிள்ளை பார்க்கவும் மச்சாள் ஒரு பெரிய சூட்கேசோடு இல்ஃபோர்ட்டில் இருந்த எங்கள் சின்ன ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அவர் சமையலைக் குறை சொல்ல மாட்டேன். சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்கு அரைத்துக் குழம்பு வைத்தார். தாய்ப்பால் ஊறுமென்று தமிழ்க் கடையில் பால்சுறா வாங்கி, அவித்து உதிர்த்து வறை செய்தார். ஃபிளாட் முழுக்க மீன் வாடை. மேல் மாடிக்காரி படியில் என்னைக் கண்டால் மூக்கைத் திருப்பிக்கொண்டு போனாள். மச்சாள் ஒரு கையால் சுறா வறையை அள்ளி என் சாப்பாட்டுக் கோப்பையில் வைப்பார். அதே நேரம் வாயால் "எவ்வளவு திண்டாலும் இவவுக்குப் பால் காணாது" என்று தம்பியிடம் சொல்வார். பிறகு ஏன் அந்தச் சுறாவை அவித்தாரோ தெரியாது.

மகள் பகலில் நன்றாகத் தூங்கினாள். பொழுதுபட்டதும் மார்பில் தொங்கத் தொடங்கிவிடுவாள். குடிப்பாள், கண் சொருகுவாள், தொட்டிலில் வைத்தால் முழிப்பாள், மறுபடி குடிப்பாள். எனக்கு முதுகு முறிந்தது. ஆனாலும் அவளுடைய சின்ன உள்ளங்கை என் நெஞ்சில் விரிந்து கிடக்கும்போது, இந்த நாட்டில் எனக்கென்று ஒன்று கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். வேலை, வீடு, விசா எல்லாம் யாரோ எடுத்துக் கொடுத்தவை. பால் மட்டும்தான் என்னுடையது. அதை யாரும் தட்டிப் பறிக்க முடியாது என்று நம்பினேன்.

பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரும் தாதி ஒருவர் இருந்தார். உயரமான, களைத்த முகம் கொண்ட பெண். பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். நாப்பி போதிய அளவு நனைகிறதா என்று கேட்டார். நான் எப்படி அணைத்துக் கொடுக்கிறேன் என்பதைக் குனிந்து பார்த்தார். பிள்ளை நன்றாக இருக்கிறாள், பால் நன்றாக வருகிறது என்றார். பிறந்த குழந்தையின் வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரிக்கும், அதனால் அடிக்கடி எழும்புவாள், எழும்பத்தான் வேண்டும். மாலையில் விடாமல் குடிப்பதும் பால் கூடுவதற்குப் பிள்ளை செய்யும் வேலைதான். இரவில் விளக்கை மங்கலாக வையுங்கள், கதை பேச வேண்டாம், தொட்டிலை உங்கள் அறையிலேயே போட்டு மல்லாக்கப் படுக்க வையுங்கள், மெல்ல மெல்ல இரவும் பகலும் அவளுக்குப் பிடிபடும். இவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் இருந்து வந்து இறங்கிய பிறகு என்னிடம் ஒருவர் 'நீ செய்வது சரி' என்று சொன்னது அன்றுதான்.

மச்சாள் சிரித்த முகத்தோடு தேநீர் கொடுத்து அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "உவவுக்குப் பிள்ளை குட்டி இருக்கோ ஆருக்குத் தெரியும். வந்தா, தேத்தண்ணி குடிச்சா, போட்டா."

அடுத்து ஏணை. சேலையில் கட்டிய ஏணையில் போட்டால் பிள்ளை பொழுது விடியும்வரை தூங்கும் என்றார். லண்டன் ஃபிளாட்டில் சேலை கட்டக் கூரை வளையுமில்லை, கொக்கியுமில்லை. என் கணவர் உடம்பைத் தேற்றப் போகிறேனென்று வாங்கி, படுக்கையறை வாசலில் மாட்டி, இரண்டு தரம் தொங்கிவிட்டு மறந்துபோன இரும்புத்தடி ஒன்று இருந்தது. மச்சாள் கதிரையில் ஏறி நின்று அதில் தன் நூல் சேலையை முடிந்துகொண்டிருந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். அந்தச் சண்டையில் நான் வென்றேன். அதை அவர் மறக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

என் கணவருக்கு விடியற்கால ஷிப்ட். பொருட்கள் ஏற்றி இறக்கும் கிடங்கில் வேலை. பிள்ளையின் சத்தத்தில் அவர் கண்கள் சிவந்துபோயிருந்தன. "அக்கா மூண்டு பிள்ளை வளத்தவ. அவவுக்குத் தெரியாதே? அவ சொல்லுறதை ஒருக்காச் செய்து பாருமன்" என்றார். அவருக்குத் தூக்கம் வேண்டும். எனக்கு வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு மாலை தலை முழுகப் போனேன். தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளும் பிள்ளை அழுவது கேட்டது. மார்பில் பால் சுரந்து வழிந்து தண்ணீரோடு ஓடியது. அவசரமாகத் துவாயைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். சத்தம் நின்றிருந்தது. மச்சாளின் மடியில் மகள் வாய் பிளந்து தூங்கினாள். அவர் கையில் வெறும் போத்தல். மேசையில் புதுப் பால்மா டின், மூடி திறந்தபடி. டின்னை வாங்கி வந்தவர் என் கணவர். பக்கத்தில் நின்று மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீரே, என்ன வடிவா நித்திரை கொள்ளுறா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களே?" என்றேன்.

"கேட்டா நீர் விடுவீரே?" என்றார் மச்சாள்.

அன்று வீடு அமைதியாக இருந்தது. எல்லோரும் தூங்கினார்கள். நான் மட்டும் கல்லாய்ப் போன மார்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கை கழுவும் தொட்டியில் பாலைப் பீய்ச்சி ஊற்றினேன். 'காணாத' பால் எவ்வளவு வந்தது என்று பார்க்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

பிறகு அது வழக்கமானது. மாலைப் போத்தல், அப்புறம் படுக்கப் போகுமுன் ஒரு போத்தல், கோயிலுக்குப் போனால் ஒன்று, ஆட்கள் வந்தால் ஒன்று. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். குடிக்க விடாவிட்டால் உடம்பு தானாகக் குறைத்துக்கொள்ளும். இதைத் தாதி சொன்னார், நானும் வீட்டில் சொன்னேன், என் கணவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு அடுத்த டின்னை வாங்கிவந்தார். சில வாரங்களில் என் மார்பு தளர்ந்தது. மகள் இழுத்துப் பார்த்துவிட்டு எரிச்சலோடு அழத் தொடங்கினாள்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் மச்சாள். அவர் சொன்னதை அவரே உண்மையாக்கிவிட்டுச் சொன்னார். அந்தச் சாமர்த்தியத்தை நான் இன்றுவரை வேறு எவரிடமும் கண்டதில்லை.

இவ்வளவுக்கும் போத்தல் குடித்தும் மகள் எழும்பிக்கொண்டுதான் இருந்தாள். உடனே பால்மாவும் காணாது என்று ஆகிவிட்டது. ஒரு நாள் சமையலறையில் மச்சாள் ரஸ்க்கைப் பொடி செய்து போத்தலில் போட்டு, அது அடைக்காமல் இருக்க ஊசியை அடுப்பில் காய்ச்சி ரப்பர் முலையின் ஓட்டையைப் பெரிசாக்கிக்கொண்டிருந்தார். தொண்டையில் அடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கத்திவிட்டு அதைப் பறித்துக் குப்பையில் எறிந்தேன். மூன்று பிள்ளைக்கும் அப்படித்தான் கொடுத்தாராம். ஒன்றும் சாகவில்லையாம்.

"அப்ப சோறு தீத்துவம்" என்றார்.

சோறு தீத்துவது, அதாவது முதல் சோறு ஊட்டுவது, எங்களுக்குச் சடங்கு. பெண்பிள்ளைக்கு ஒற்றை மாதத்தில், ஐந்திலோ ஏழிலோ செய்ய வேண்டும். தாதியோ ஆறு மாதமளவில் என்று சொல்லியிருந்தார். பிள்ளை நிமிர்ந்து இருக்க வேண்டும், தலை ஆடக்கூடாது, கண்டதைக் கையால் எட்டி எடுத்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், வாயில் வைத்ததை நாக்கால் தள்ளாமல் விழுங்க வேண்டும். இரவில் எழும்புவது பசியின் அடையாளம் ஆகாது, சோறு கொடுத்தால் தூங்கும் என்பதும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆறில ஆரும் பொம்பிளைப் பிள்ளைக்குச் சோறு தீத்துவினமே?" என்றார் மச்சாள், நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசியதுபோல.

"அப்ப ஏழில செய்வம்."

"ஏழில மண்டபம் இல்லை. ஐயரிட்டையும் கேட்டாச்சு. அஞ்சில நல்ல நாள் இருக்கு."

எங்கள் ஆட்களின் கணக்கில் ஐந்தாம் மாதம் என்பது நான்கு மாதம் முடிந்த மறுநாளே பிறந்துவிடும். ஆங்கிலக்காரர் முடிந்ததை எண்ணுவார்கள், நாங்கள் நடப்பதை எண்ணுவோம். இந்த ஒரு மாத வித்தியாசத்தை நான் விரல் விட்டு எண்ணிக் காட்டியும் அந்த வீட்டில் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. மகள் நாலு மாதம் முடிந்து சில நாட்களில் பட்டுப் பாவாடை கட்டி மண்டபத்துக்குக் கொண்டுபோகப்பட்டாள்.

பலூன் வளைவு, மூன்றடுக்குக் கேக், மைக், வீடியோ எல்லாம் இருந்தன. என் கணவரின் மடியில் மகள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தாள். தலை இன்னும் உறுதியாக நிற்கவில்லை. ஒருவர் பின்னால் நின்று தலையைப் பிடித்தார். மச்சாள் குழைத்த சர்க்கரைப் பொங்கலைத் தங்கமுலாம் பூசிய கரண்டியில் எடுத்து முதல் வாய் வைத்தார். மகள் நாக்கால் வெளியே தள்ளினாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி வைத்தார், மறுபடி தள்ளினாள். அதற்குப் பிறகு உறவினர்கள் வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஆசீர்வாதமென்று ஒரு துளி. ஒவ்வொருவருக்கும் ஒரு படம்.

எத்தனையாவது ஆளோ தெரியாது, மகளின் முகம் திடீரென்று சிவந்தது. ஓங்காளித்தாள். சத்தம் வரவில்லை. நான் அவளைப் பறித்து என் முன்னங்கையில் கவிழ்த்து முதுகில் தட்டினேன். பொங்கலும் பாலுமாக என் கூறைச் சேலையில் கக்கிவிட்டு வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "போதும்! ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது!" என்று கத்தினேன். மைக் அதையும் பிடித்துக்கொண்டது. வீடியோவில் அந்த இடம் இல்லை. அங்கே ஒரு பாட்டும் பறக்கும் பூக்களும் வரும்.

மணப்பெண் உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, சேலையை விலக்கி மகளை அணைத்தேன். குடித்தால் அடங்கிவிடுவாள், நானும் அடங்கிவிடுவேன் என்று நினைத்தேன். அவள் ஒரு தரம் வாய் வைத்தாள். பிறகு முதுகை வளைத்துத் திமிறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினாள். மற்றப் பக்கம் கொடுத்தேன், அதையும் தள்ளினாள். கதவு திறந்தது. மச்சாள் போத்தலோடு நின்றார். மகள் அதைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள்.

அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் குடிக்கவில்லை.

மகளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் வயது. நன்றாகச் சாப்பிடுவாள், நன்றாகத் தூங்குவாள், ஓட்டத்தில் முதலாவதாக வருவாள். பால்மா குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு குறையுமில்லை, அதை விரும்பிக் கொடுக்கும் தாய்மாரிலும் எனக்கு ஒரு கோபமுமில்லை. நான் விரும்பிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லத் தொடங்கினால் என் கணவர் மகளைக் காட்டி, "இப்ப என்ன குறைஞ்சு போச்சு?" என்பார். என்ன குறைந்தது என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அதனாலேயே அந்தக் கோபம் ஆறவில்லை.

போன மாதம் மச்சாளின் மூத்த மகளுக்குக் குழந்தை பிறந்தது. தோர்ண்டன் ஹீத் வீட்டுக்குப் பார்க்கப் போனோம். சுறா வறை வாசம் வாசலிலேயே வந்தது. அறையில் அவள், எனக்கு மருமகள் முறை, குழந்தையை மார்பில் போட்டபடி சாய்ந்திருந்தாள். கண்களைச் சுற்றிக் கருவளையம். குழந்தை விட்டு விட்டுக் குடித்தது, அழுதது, மறுபடி குடித்தது. கட்டில் கால்மாட்டில் இருந்த அவளுடைய மாமியார் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பால் காணாது போலக் கிடக்கு. ஒரு போத்தல் கரைச்சுக் குடுத்தா பிள்ளை படுத்திடும்" என்றார்.

மச்சாள் சமையலறையிலிருந்து அகப்பையோடு வந்தார்.

"சம்மந்தி, போத்தல் எண்டு இந்த வீட்டில ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். சின்ன வயிறு, எழும்பத்தானே செய்யும்? ஆறு மாசத்துக்குப் பச்சைத் தண்ணியும் இல்லை. என்ர பிள்ளைக்குப் பால் தாராளமாக் காணும்."

ஒவ்வொரு சொல்லும் நான் சொன்னது. இல்ஃபோர்ட் ஃபிளாட்டில் நின்று, அழுது, கத்தி, கெஞ்சிச் சொன்னது. அப்போது அவர் காதில் எல்லாமே விழுந்திருக்கின்றன. சொல் பிழையாமல் அப்படியே வைத்திருந்திருக்கிறார்.

மருமகள் கண் கலங்கத் தாயைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமி, நீங்க எவ்வளவு நாள் ஃபீட் பண்ணினீங்கள்?"

நான் வாயைத் திறந்தேன். மச்சாள் பேத்தியின் போர்வையைச் சரிசெய்தபடி, என்னைப் பாராமலே பதில் சொன்னார்.

"அவவுக்குப் பால் காணாது, பிள்ளை."