நேர்த்திக்கடன் முடிந்தபின்

நோய் போய்விட்டது என்று நம்புகிறவரிடம், அது திரும்பி வரலாம் என்பதை எப்படிச் சொல்வது? இலங்கையில் தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டும் ஒருவர் இந்தக் கேள்வியை என்னிடம் விட்டுச் சென்றார்.

அவருடைய கழுத்தில் வந்த நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டி, மருந்தேற்றியதில் கரைந்திருந்தது. மருந்தால் உதிர்ந்து மீண்டும் முளைத்த முடியை மாரியம்மனுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். பேசும்போதெல்லாம் மொட்டைத் தலையைப் பெருமையோடு தடவிக்கொள்வார்.

நோய் திரும்பாமலிருக்க, அவருடைய இரத்தத்திலிருந்தே குருத்தணுக்களை எடுத்துவைத்து, கடும் மருந்து கொடுத்தபின் மீண்டும் உடலில் செலுத்த வேண்டும். எங்கள் தொண்டு நிறுவனம் தமிழ்நாட்டில் அதற்கான எல்லா ஏற்பாடுகளையும் செய்திருந்தது.

“டொக்டர் மாத்தயாவே ‘தெங் ஹொந்தய்’னு சொல்லிட்டாரு. இப்ப நல்லாயிருச்சுன்னுதானே அர்த்தம்? என்னங்க சேர், சும்மா இருக்கிற ஆளைப் புடிச்சு ஆஸ்பத்திரியில போடப் பாக்குறீங்க?”

“மறுபடி வராம இருக்கத்தான் அண்ணே.”

“வேண்டுதல முடிச்சிட்டேங்க. இனி வைத்தியத்துக்குப் போனா, ஆத்தா குணமாக்கலைன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். அவ சும்மா விடுவாளா?”

எவ்வளவோ வாதாடினேன். அவர் பிளேன்டீ கொடுத்து, சிரித்து அனுப்பிவைத்தார்.

மழைக்காலத்தில் கட்டி திரும்பியது. இம்முறை எந்த மருந்துக்கும் அது கரையவில்லை. கரையாத நிலையில் அந்தச் சிகிச்சையால் பயனில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். அவர் பிழைக்கவில்லை. அவர்மேல் எனக்கிருந்த கோபமும் இன்னும் தீரவில்லை.

அதன்பின் இத்தகைய நோயாளிகளிடம், முதல் மருந்தேற்றும் நாளிலேயே அடுத்த சிகிச்சையைப் பற்றிச் சொல்லி, அதுவும் முடியும்வரை நேர்த்திக்கடனைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன்.