அசன் பீவி கொடுக்காத மாத்திரை

அசன் பீவிக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை அவள் மகள் முஹ்சினா. அதுவும் மகளின் சொந்தப் பேச்சு இல்லை. கணவர் சிக்கந்தர் பாட்சா குவைத்தில், பாலைவன முகாமொன்றில் லாரி ஓட்டுகிறார். அங்கே சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்துதான் போனில் வருவார். அத்தா பேசியதை, ஆட்டிசம் உள்ள மகள் அடுத்த வெள்ளிவரை அதே குரலில், அதே இழுவையில் சொல்லிக்கொண்டே திரிவாள்.

“அசன், இன்னா பண்ணிக்கினு இருக்க? சாப்ட்டியா?”

கோட்டக்குப்பத்து வீட்டு அடுப்படியிலிருந்து அசன் பீவியும், “சாப்ட்டேங்க” என்று பதில் சொல்வாள். பைத்தியக்காரத்தனம்தான். சிரிப்பதற்குக்கூட அந்த வீட்டில் வேறு ஆளில்லையே.

பள்ளியில் முஹ்சினாவின் போக்கு எடுபடவில்லை. பதினான்கு வயதுப் பெண் ஓரிடத்தில் உட்காரமாட்டாள். ஒருநாள் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே ஓடிவிட்டாள். இன்னொரு முறை ஓடினால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

விழுப்புரத்து டாக்டர் மாத்திரை எழுதினார். “ஆட்டிசத்துக்கு இது மருந்து இல்லம்மா. கவனம் நிக்கறதுக்கு மட்டும். காலைல சாப்பிட்டதும் குடுங்க. பசி குறையலாம், எடையப் பாத்துக்கங்க. வேற மாற்றம் தெரிஞ்சாலும் சொல்லுங்க.”

மாத்திரை வேலை செய்தது. முஹ்சினா உட்கார்ந்தாள், கணக்கு எழுதினாள், டீச்சர் மெச்சினார். அவள் வாயில் அத்தாவின் குரல் மட்டும் நின்றுபோயிற்று. டாக்டரிடம் என்னவென்று சொல்வது? மகள் அமைதியாக இருக்கிறாள் என்று புகாரா கொடுப்பது? அசன் பீவி எதையும் சொல்லவில்லை. வெறிச்சோடிய வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைக் கொடுக்காமல் விட்டாள். குரல் திரும்பி வந்தது. ஆசை யாரை விட்டது? பள்ளி நாட்களிலும் விட ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை அவர் போனில் விசாரித்தபோது, “குடுத்துக்கினுதாங்க இருக்கேன்” என்று கூசாமல் பொய் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை. பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. முஹ்சினா இட்லியைப் பாதியில் விட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடினாள். சட்டென்று நின்று, அத்தாவின் குரலில் கேட்டாள்:

“அசன், புள்ளைக்கு மாத்திரை குடுத்தியா?”

அசன் பீவி இட்லித் தட்டைக் கையில் எடுத்தாள். குரல் விடவில்லை. அதே கனிவோடு மறுபடி கேட்டது, மறுபடியும் கேட்டது.

அலமாரியைத் திறந்து மாத்திரையை எடுத்தாள். மீதி இட்லியை ஊட்டி, மாத்திரையைக் கொடுத்து, மகளை வேனில் ஏற்றினாள்.

“குடுத்துட்டேங்க” என்றாள், வெறும் வீட்டுக்குள் திரும்பி வந்து.