மருதாணி வைத்த மாதத்து அரிசி

எங்கள் வீட்டுக்கு அரிசி வாங்கித் தருகிற ஆள் நான்தான் என்று ஒரு காலத்தில் எனக்குப் பெரிய நினைப்பு இருந்தது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் மிஷின் வந்த புதிது. அப்பா போர்வெல் வண்டியில் வடக்கே போனால் திரும்ப ஆறு மாதமாகும். அம்மா ராசிபுரம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லில் நாள் முழுக்கக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்குத் தோல் சீவுகிறவள். ஈரத்திலேயே கிடந்து அவள் விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. மிஷின் அவளை ஒருமுறைகூட ஒப்புக்கொண்டதில்லை. நான் விரலை வைத்தால் உடனே பில் வரும். அதற்காக மாதம் ஒருநாள், அம்மாவுக்கு லீவு கிடைக்கும்போது, பள்ளிக்கு மட்டம் போட்டு அவளோடு போவேன். என் திமிருக்குக் கேட்கவா வேண்டும்!

அந்த ஆடியில் அம்மாவுக்கு லீவு கிடைத்ததே இங்கிலீஷ் மாதத்தின் கடைசி நாளில்தான். முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா, மாரியம்மன் பண்டிகைக்கு மருதாணி அரைத்தாள். பத்து விரலுக்கும் தொப்பி வைத்துக்கொண்டேன். காலையில் அம்மா பார்த்தாள். எங்கள் இருவருக்குமே ஒன்றும் தோன்றவில்லை.

கடையில் மிஷின் என்னைத் தெரியாது என்றது. மருதாணி ஏறிய விரல்களை ஒவ்வொன்றாக வைத்தேன். அம்மா முந்தானையை நனைத்து, தோல் எரிய எரியத் தேய்த்தாள். பிறகு தன் விரல்களையும் வைத்துப் பார்த்தாள். அப்பா போனுக்கு வரும் நம்பரைச் சொன்னாலும் போதும் என்றார்கள். அவர் எந்தக் காட்டில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தாரோ, போன் போகவே இல்லை.

"ஏனுங்க, புள்ளைய மாசாமாசம் பாக்கறீங்களே, கண்ணுல பாத்தது பத்தாதுங்களா?" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரிஞ்சு என்னங்க்கா பண்றது? மிஷினுக்குத் தெரியோணுமுங்க. நாளைக்குப் புது மாசம், இந்த மாச அரிசி திரும்பிப் போயிருமுங்க" என்றார் எடை போடுபவர். அவர் கெட்டவர் இல்லை. எங்களை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

காலிப் பையோடு திரும்பினோம். வழியெல்லாம் அடி விழும் என்று பயந்துகொண்டே நடந்தேன். வாசலில் அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் செவந்திருக்குது சாமி" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அடுத்த அரிசி வரும்வரை அம்மா மில்லிலிருந்து கொண்டுவரும் உடைசல் கிழங்குதான் ராத்திரிச் சாப்பாடு. எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. அம்மா தனக்குப் பசியில்லை என்பாள். நானும் நம்பினேன்.

வாங்க ஆள் வராத அரிசியெல்லாம் போலி கார்டுக்காரர்களின் அரிசி என்றும், மிஷின் வந்ததால் அரசுக்கு அவ்வளவும் மிச்சம் என்றும் போன வாரம் செய்தியில் ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். நாங்கள் வந்திருந்தோம். அந்த மிச்சத்தில் எங்கள் ஒரு மாதச் சோறும் இருக்கிறது.

காலிப் பையோடு திரும்பிய அந்த நாளுக்குப் பின், தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அம்மா என் விரல்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். மகளின் கையை அழகு பார்க்கிறாள் என்று நினைத்து, நிறம் போகாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். அது எப்போது போகும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.