நைனா அடைத்த ஓட்டைகள்

எங்கள் அப்பா, நைனா, செத்துப்போனபோது அண்ணனுக்கு மீன்பிடி போட்டும் ஏரிப் பாடும் வந்தன. எனக்கு வண்டி வந்தது. பாடு என்றால், பழவேற்காட்டு ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று ஊர் கூடி வைத்திருக்கிற முறை. அது ஆண்பிள்ளைக்குத்தான் போகும். அதனால்தான் நைனா கடைசியாகப் படுத்திருந்தபோது, நாலு பேர் கேட்க, "பிக்கப்பு பொண்ணுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அப்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எங்கள் குப்பத்தில் பேச்சுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டு அத்தை என் காதுபடவே ஒரு சொலவடை கட்டிவிட்டாள்: "ஆம்பளப் புள்ளைக்கு ஏரி, பொம்பளப் புள்ளைக்குத் துரு."

துரு என்று அவள் சொன்னதில் பொய்யில்லை. ஜீப்பு மாதிரி மூக்கு நீண்ட பழைய டீசல் பிக்கப் அது. நைனா கல்யாணமான புதிதில் வாங்கியது. அண்ணன் போட்டில் வருகிற இறால் கரையிலேயே அந்த வண்டியில் ஏறும்; நைனா ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போய் விற்றுவிட்டு வருவேன். போட்டும் வண்டியும் ஒரே அடுப்பு என்று நைனா சொல்வார். அவர் படுக்கையில் விழுந்த வருஷமே, வண்டி ரோட்டில் ஓடத் தகுதி என்று தருகிற எஃப்.சி. சான்று முடிந்துவிட்டது. வண்டி வீட்டுக்குப் பின்னால் நின்று கருவாடாய்க் காய்ந்தது. அண்ணன் இறால் ஒரு வியாபாரியின் மினி வேனில் போகத் தொடங்கியது. நான் பாலத்தடியில் தராசு வைத்து மற்றவர்கள் நண்டை நிறுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அண்ணனிடம் கேட்டேவிட்டேன். "வண்டிய சரி பண்ணா உன் பாட்டுல புடிக்கிற இறாலு என் வண்டில ஏத்துவியாண்ணே?"

வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டே சொன்னான்: "மொதல்ல அத்த ஓட வெய்மே. அப்பால பாக்கலாம்."

இல்லை என்று சொல்லவில்லை அல்லவா? அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். அண்ணன் பாட்டு இறால் மறுபடி நைனா வண்டியில் ஏறவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மிச்சமெல்லாம் தகரமும் பெயிண்டும்.

டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனோம். அங்கே வண்டித் தகரம் தட்டுகிற டிங்கர் பட்டறை வைத்திருக்கிற பாய் எங்கள் பழவேற்காட்டுக்காரர்தான். வாய் ஓயாத மனுஷன். வண்டியைச் சுற்றி வந்தார், அங்கங்கே சுத்தியால் தட்டினார். தட்டின இடத்திலெல்லாம் உதிர்ந்தது.

"யக்கா, இது வண்டியா, புட்டுச் சல்லடையா?"

"ரெண்டும் வயித்துக்குத்தானே பாய். நீ வேலையப் பாரு."

பெயிண்டைச் சுரண்டினார்கள். மேலே வெள்ளை, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே பச்சை, அதற்கும் கீழே நீலம். ஒவ்வொரு வருஷமும் போட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை நைனா பிரஷ்ஷால் வண்டிக்கு இழுத்துவிடுவார். எந்த வருஷம் போட்டு என்ன நிறத்தில் இருந்தது என்று அந்தக் கதவில் படித்துவிடலாம். கம்பெனி அடித்த சாம்பல் நிறம் அடியாழத்தில் கட்டைவிரல் அகலத்துக்குத்தான் மிஞ்சியிருந்தது.

பிறகு பாய் கதவின் கீழ்விளிம்பில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினார். கட்டியாக ஏதோ உடைந்து விழுந்தது. பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் கொட்டியது. என்ன நாற்றம்! இறால் மீசை, ஐஸ் மரத்தூள், துருச் செதில், எல்லாம் ஊறிப்போய் வந்தது. பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

பாய் விழுந்த கட்டியை எடுத்துப் பார்த்தார். பைபர். போட்டுக்கு ஒட்டுகிற அதே கண்ணாடியிழை மேட்டு, அதே ரெசின் பசை.

"யக்கா, இத்த யாரு அடைச்சது?"

"எங்க நைனா."

"கதவுக்குள்ள பூந்த மழத்தண்ணி, ஐஸ் தண்ணி வெளிய போறதுக்குத்தான் கம்பெனிக்காரன் கீழ ஓட்ட வெக்கிறான். உங்க நைனா ஒண்ணு விடாம அடைச்சிகிறாரு. இது இன்னா போட்டா, முழுகிடும்னு பயப்பட? தண்ணி உள்ளயே நின்னு உள்ளயிருந்து தின்னுடுச்சிக்கா."

தரையிலும் அப்படித்தான். அடித் தகரத்தில் தண்ணீர் வடிய இருந்த அத்தனை ஓட்டையும் அடைத்திருந்தது. வேலை சுத்தமான வேலை. விளிம்பெல்லாம் வழவழவென்று தேய்த்துவிட்டிருந்தார். எங்கள் ஊர்க்காரனுக்கு ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. குடம், தண்ணீர்த் தொட்டி, சர்ச்சு வாசல் தகரம் என்று எல்லாவற்றிலும் பைபர் ஒட்டுத்தான். ஏரியில் ஒரு விரல் ஓட்டை ஒரு ஆளைக் கொண்டுபோகும் என்று பால் குடிக்கும்போதே கற்றுக்கொண்ட கை. நைனா வண்டியைக் காப்பாற்றுவதாக நினைத்து, பொறுமையாக உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டையாக அதைக் கொன்றிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அழுகின தரையை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்தார்கள். கதவுகளுக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குப் புதுத் துண்டு; தண்ணீர் வடியத் தரையிலும் கதவிலும் பாய் ஓட்டை திறந்துவைத்தார். சக்கரத்துக்கு மேலே வளைவைப் பாய் தானே மரச்சுத்தியால் தட்டித் தட்டி எடுத்தார். "இங்க எல்லாம் பட்டிப் பசை போட்டு மூடிடலாமே பாய்?" என்று கேட்டேன். "பட்டி போட்ட வண்டியும் பவுடர் போட்ட மூஞ்சும் ஒரு மழை வரைக்குந்தாங்கா" என்றார். அதை அப்படியே மனசில் முடிந்துவைத்துக்கொண்டேன். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பேன். மேடு பள்ளம் தெரிந்த இடத்துக்கு மட்டும் மெல்லிசாகப் பட்டி இழுத்து, வாட்டர் பேப்பரால் தேய்த்தோம். தேய்த்ததில் பாதி நான். விரல் நுனியெல்லாம் வழவழத்துப்போய், செல்போன் என் கைரேகை அடையாளம் தெரியவில்லை என்றது.

நிறம் கேட்டபோது அண்ணனுக்குப் போன் போட்டேன். "நைனா மொதமொத போட்டுக்கு அடிச்சாரே, அந்த ப்ளூ" என்றான். பாய் தலையில் அடித்துக்கொண்டார். வண்டிக்கு எவனாவது போட்டுக் கலர் அடிப்பானா என்று. அந்த நீலத்தையே அடிக்கவைத்தேன். முதல் பூச்சு காய்ந்து, இரண்டாவது பூச்சுக்கு ஸ்ப்ரே கன்னைப் பிடித்தபோது நடுப்பகல் வெயிலில் அது ஏரி மாதிரியே இருந்தது.

மெக்கானிக் ஒருவர் எஞ்சினையும் சரிசெய்த பிறகு எஃப்.சி. கிடைத்தது. நைனா எப்போதோ சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் நானே ஓட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தேன். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் விடுவார்களா? "இன்னாமே, லாரி சர்வீஸ் ஆரம்பிச்சிட்டியா?" "ஹாரன் அடி, எருமை வழி விடும்!" நானும் ஹாரனை அடித்து, "நீ மொதல்ல வழி விடுடா" என்றேன். சாயங்காலம் அண்ணன் வந்தான். சுற்றி வந்தான். பானெட் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினான். நைனா போன பிறகு அவன் அந்த வண்டியைத் தொட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"பரவால்லமே" என்றான். "அடுத்த பாட்டுக்கு இதுலயே ஏத்திக்கலாம்."

அன்றைக்கு நான் சோறு தின்றேனா இல்லையா என்று நினைவில்லை.

அந்தப் பாட்டு நாள் வருவதற்குள் ஆரம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த என் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. பஸ் பிடித்து ஓடினேன். பேரன் பிறந்தான். நல்ல மழை. வீடு திரும்பினால், வாசலில் அண்ணன் நிற்கிறான், முகமெல்லாம் பல்லாக. அண்ணி சட்டியில் நண்டு ரசம் கொண்டுவந்து வைத்தாள். நைனா இருந்தபோது நடந்த மாதிரி இருந்தது.

"வாமே, காட்டறேன்" என்று வண்டியிடம் கூட்டிப்போனான். கதவுக்குக் கீழே குனிந்து பார்க்கச் சொன்னான். பார்த்தேன். பாய் திறந்துவைத்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாம் பைபர். மேலே அதே நீலத்தைத் தேடிப் பிடித்து அடித்திருந்தான்.

"மழை பெஞ்சப்போ பாத்தா கதவுக்கடியிலேர்ந்து தண்ணி ஊத்துது. தரையிலேர்ந்தும் ஊத்துது. அந்த டிங்கரு உன்ன நல்லா டபாய்ச்சிட்டான்மே. நம்ம பசங்க ரெண்டு பேர கூட்டாந்து நானே அடைச்சேன். இனிமே ஒரு சொட்டு வரட்டும் பாக்கலாம்."

பக்கத்தில் நின்ற அண்ணி சொன்னாள்: "பாட்டையே வுட்டுட்டாரும்மா. அந்தப் பாட்டு நாளு ஒண்ணுதான் வெயிலு அடிச்சுது. பைபர் காய வெயிலு வேணும்னு போட்ட எறக்கவே இல்ல."

எங்கள் ஊரில் பாட்டை விடுவது என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். முறை தவறினால் தவறினதுதான். சுற்று முழுக்க முடிந்துதான் மறுபடி வரும். காய்ச்சலில் கிடந்தாலும் ஆளை அனுப்பிப் பாட்டை எடுப்பார்கள். என் அண்ணன் எனக்காக விட்டிருந்தான். நான் ரசத்தைக் குடித்தேன். "நல்லா கீதுண்ணே" என்றேன். ரசத்தையா, வேலையையா என்று அவன் கேட்கவில்லை.

இரண்டு ராத்திரி மழை கொட்டியது. காலையில் கதவைத் திறந்தால் உள்ளே குடம் ததும்புகிற சத்தம். சாத்தினேன். திறந்தேன். மறுபடி அதே சத்தம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே வாயைத் திறந்தால் அண்ணன் போவான், திறக்காவிட்டால் வண்டி போகும். வண்டி போய்விட்டால் அவன் இறாலை எதில் ஏற்றுவது? அப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

எவ்வளவு மெதுவாகச் சொல்லமுடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். அது வேண்டுமென்றே வைத்த ஓட்டை என்றும், தண்ணீர் வெளியே போகாவிட்டால் புதுத் தகரமும் அழுகிவிடும் என்றும்.

"ஓட்டைய எவனாவது வேணும்னு வெப்பானா?"

"போட்டுக்கு வெக்கமாட்டான்ணே. வண்டிக்கு வெப்பான்."

"நைனா இத்தினி வருசம் ஓட்டுனாரு. அவரும் அடைச்சித்தான் வெச்சிருந்தாரு. நானே கூட இருந்து ரெசின் கலக்கிக் குடுத்துகிறேன். அவருக்குத் தெரியாதது அந்த பாய்க்குத் தெரிஞ்சிட்டுதா?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் ஒன்றுதான் இருந்தது.

"நைனா அடைச்சதாலதாண்ணே அந்தக் கதவு அழுகுச்சு."

அண்ணன் எழுந்து நின்றான். "செத்த மனுசன முட்டாளுன்ற. அவரு குடுத்த வண்டிய வெச்சிகினு அவரையே முட்டாளுன்ற. போமே. உன் வண்டி, உன் ஓட்டை."

எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் டிரில் மெஷின் வாங்கிவந்து, வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்து, நானே ஒவ்வொன்றாகத் திறந்தேன். ரெசின் தூள் கண்ணில் விழுந்தது. சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். யாரும் எட்டிப்பார்க்கவில்லை; எங்கள் தெருவில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

மறுநாள் அண்ணி மட்டும் வந்தாள். ரசச்சட்டியை எடுத்துப்போக வந்த மாதிரி.

"ஒரு மாசம் கழிச்சித் தொறந்திருக்கக் கூடாதா நீ?"

"மழக்காலம் அண்ணி. ஒரு மாசத்துல கதவு செத்துப்புடும்."

"கதவுதானே" என்றாள். சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சுற்று முடிந்து அண்ணன் பாடு மறுபடி வந்தது. விடிவதற்கு முன்னாலேயே வண்டியைக் கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். பின்தொட்டியைக் கழுவி, பலகை விரித்து, ஐஸ் உடைத்துக் கொட்டிவைத்திருந்தேன். சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. கோபத்தில் பேசியது பேச்சு, வாக்கு வேறு என்று நினைத்தேன். அந்த வியாபாரியின் மினி வேனும் வந்து எனக்குப் பின்னால் நின்றது.

நல்ல பாடு. கூடை கூடையாக இறங்கியது. அண்ணனோடு போன ஆள் ஒருவன் முதல் கூடையைத் தூக்கிவந்து, பழைய பழக்கத்தில், என் வண்டியின் பின்பலகையில் வைத்தான். நான் ஐஸை ஒதுக்கி இடம் பண்ணினேன். அண்ணன் தண்ணீரிலிருந்து ஏறி வந்தான். என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கூடையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றி நடந்து, மினி வேனில் வைத்தான். அதற்கப்புறம் வந்த கூடையெல்லாம் நேராக அங்கேயே போயின.

வியாபாரி இவ்வளவு இறால் எதிர்பார்க்கவில்லை. அவனிடம் ஐஸ் போதவில்லை. வெயில் ஏறத் தொடங்கியது. இறால் வெயிலுக்குக் காத்திருக்காது; தலை கறுத்தால் பாதி விலைக்கும் போகாது. அவன் என் பக்கம் வந்து தலையைச் சொறிந்தான்.

"யக்கா, உன் ஐஸு..."

முறத்தை எடுத்தேன். என் வண்டியிலிருந்த ஐஸை வாரி வாரி அந்த வேனில் அண்ணன் இறால் மேல் நானே கொட்டினேன். கடைசிக் கூடை வரை மூடினேன். இருபதடி தள்ளி அண்ணன் வலையை உதறிக்கொண்டிருந்தான். பார்த்தான் என்று தெரியும், கை ஒரு தடவை நின்றது. பிறகு மறுபடி உதறத் தொடங்கினான்.

வேன் போன பிறகு, நண்டு ஏற்ற வந்த ஒருத்தி என் வண்டியை எட்டிப் பார்த்து, ஐஸ் இல்லையே என்று திரும்பிப்போனாள். அன்றைக்கு நான் பொன்னேரிக்குப் போகவில்லை.